பழைய செட்டிநாட்டு வீட்டு மரவேலைக்கு எந்த ரூட்டர் வாங்குவது?

கேள்வி இதுதான்: காரைக்குடிப் பக்கம் தாத்தா காலத்து வீடு பங்கு பிரிந்து கைக்கு வந்திருக்கிறது. ஜன்னல், கதவு, நிலை எல்லாம் பர்மா தேக்கு. ஆனால் மழைச்சாரல் படும் பக்கத்து ஜன்னல்களில் அடிச்சட்டம் இற்றுப்போய்விட்டது, ரெண்டு கதவைக் கரையான் தின்றிருக்கிறது, நிலையைச் சுற்றி ஓடும் மோல்டிங் அங்கங்கே காணோம். ஒரு ஆசாரி கூட இருக்கிறார், நீங்களும் கை வைக்கப்போகிறீர்கள். கடைக்காரர் 2300 வாட் ரூட்டரும், அதாவது வேகமாகச் சுழலும் வெட்டுமுனையால் மரத்தில் வடிவம் வெட்டுகிற மெஷினும், பிட் என்கிற அந்த வெட்டுமுனைகள் ஒரு பெட்டி நிறையவும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அதை வாங்கலாமா, மெஷினைத் தலைகீழாகப் பூட்டுகிற டேபிள் வேண்டுமா, செதுக்கு வேலையைக் கம்ப்யூட்டர் ஓட்டும் செதுக்கு மெஷின் வைத்திருக்கிற சிஎன்சிக்காரரிடம் கொடுக்கலாமா, செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கலாமா?

பெட்டி பிட் வேண்டாம். பெரிய மெஷினும் முதல் மெஷினாக வேண்டாம். டிரிம்மர் என்று ஆசாரிகள் சொல்லும் ஒரு கையில் பிடிக்கிற சின்ன ரூட்டர், பேரிங் (ஓரத்தை உரசி வழிகாட்டும் குட்டிச் சக்கரம்) வைத்த நாலைந்து நல்ல பிட், டெம்ப்ளேட் கைடு (அச்சுப் பலகையின் ஓரத்தோடு மெஷினை ஓட்ட உதவும் குழாய்), தூசி இழுக்க ஏதாவது ஒரு வழி, இதிலிருந்து தொடங்குங்கள். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர் சொல்வது முழுக்கத் தப்பு இல்லை, அது வேறு வேலைக்கான பதில்.

புதிதாகக் கட்டில், கப்போர்டு செய்கிறவருக்கு ரூட்டர் என்பது தான் நினைத்த வடிவத்தை மரத்தில் ஏற்றும் கருவி. பிட் பெட்டியில் எது அழகாக இருக்கிறதோ அதைப் போட்டு ஓட்டிவிட்டுப் போகலாம். உங்கள் வீட்டில் வடிவம் ஏற்கனவே இருக்கிறது. யாரோ ஒருவர் தொண்ணூறு நூறு வருஷத்துக்கு முன்னால் கையால் இழைத்துவைத்திருக்கிறார், அதுவும் இன்ச் கணக்கில், ஜன்னலுக்கு ஜன்னல் அரைக்கால் இன்ச் வித்தியாசத்தோடு. நீங்கள் செய்யப்போகும் புதுத் துண்டு அதற்குப் போய்ப் பொருந்த வேண்டும். அதனால் உங்களுக்கு ரூட்டரின் முக்கிய வேலை நகல் எடுப்பது. நகல் எடுக்க வாட் தேவையில்லை, பிட் நடுங்காமல் ஓட வேண்டும், ஆழத்தை நுணுக்கமாக வைக்க முடிய வேண்டும், மெஷின் கையில் இலேசாக இருக்க வேண்டும். ஏணியில் நின்று நிலையிலேயே வேலை செய்ய வேண்டிவரும் என்பதையும் மறக்காதீர்கள். ஆறு கிலோ மெஷினைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு யாராலும் நேராக ஓட்ட முடியாது.

கடைக்குப் போகும் முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். எத்தனை இடத்தில் ஒட்டுப் போட வேண்டும் (இற்ற இடத்தைக் குடைந்து வேறு துண்டு பதிப்பது), எத்தனை சட்டம் முழுசாக மாற்ற வேண்டும், எத்தனை அடி மோல்டிங், எத்தனை கீல் இடம், வளைவு ஜன்னல் உண்டா என்று எழுதுங்கள். இந்தப் பட்டியல்தான் மெஷினைத் தேர்ந்தெடுக்கும். நான் பார்த்தவரையில் செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலான சேதம் மழை படுகிற இடத்திலும் தரையை ஒட்டிய இடத்திலும்தான். அதாவது சட்டத்தின் கடைசி நாலு இன்ச் போயிருக்கும், மீதி இன்னும் நூறு வருஷம் தாங்கும். முழுச் சட்டத்தையும் கழற்றிப்போட்டுப் புதுசு மாட்டுவது ஆசாரிக்கு சுலபம், வீட்டுக்கு நஷ்டம். அந்தத் தேக்கு இப்போது தோட்டத்தில் வளர்த்து வெட்டுகிற தேக்கு மாதிரி இல்லை, நெருங்கின ரேகை, எண்ணெய்ப்பிடிப்பு, அப்படிப்பட்ட மரம் புதுசாகக் கிடைப்பது அரிது. ஒட்டுப் போடத் துண்டு வேண்டுமென்றால் இடித்த வீட்டு மரம்தான் சரி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழைய சாமான் கடைகளில் உடைந்த கதவு, சட்டம் என்று கேட்டால் கிடைக்கும்.

இனி மெஷின். டிரிம்மரில் பிட்டைப் பிடிக்கும் காலெட் கால் இன்ச் அல்லது 6 மி.மீ. இருக்கும். மகிட்டா 3709 என்பது 530 வாட், நிமிஷத்துக்கு 30,000 சுற்று, ஒரே வேகம். போஷ் ஜிகேஎஃப் 550 அதே ரகம், 33,000 சுற்று. ரெண்டும் உழைக்கிற மெஷின்தான், லேமினேட் ஓரம் வெட்டுகிறவர்கள் வருஷக்கணக்கில் போட்டு அடிக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு நான் சொல்வது வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற மெஷின். மகிட்டா ஆர்டி0700சி 710 வாட், 10,000 முதல் 30,000 வரை வைக்கலாம். இதற்கு பிளஞ்ச் பேஸ், அதாவது மேலிருந்து அழுத்தி மரத்துக்குள் இறக்குகிற பேஸ், தனியாகவோ சேர்த்தோ கிடைக்கிறது. ஒட்டுப் போடும் வேலைக்கு அந்த பேஸ் கட்டாயம் வேண்டும். பேட்டரி மெஷினும் யோசிக்கலாம், வீட்டில் ஏற்கனவே அதே பிராண்டில் 18 வோல்ட் டிரில் இருந்தால் பேட்டரி பொதுவாக இருக்கும், நிலைக்கு நிலை வயரை இழுத்துக்கொண்டு போக வேண்டாம். ரெண்டில் எதுவானாலும், உங்கள் ஊரில் கார்பன் பிரஷ்ஷும் (மோட்டாரில் தேய்கிற கரித்துண்டு) காலெட்டும் எந்த பிராண்டுக்குக் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். விமரிசனங்களைப் படித்துப் படித்து மதுரையில்கூட பாகம் கிடைக்காத ஒரு மெஷினை வாங்கிவைத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

வயரிங்கை முதலில் பாருங்கள், இது கேட்காமலே சொல்கிறேன். 2300 வாட் மெஷின் 230 வோல்ட்டில் முழு பாரத்தில் 10 ஆம்பியர் இழுக்கும். பழைய வீட்டில் துணி சுற்றின வயரும் 5 ஆம்பியர் பிளக்கும் இருந்தால் அது தாங்காது, தாங்குகிற மாதிரி நடித்துவிட்டு சுவருக்குள் சூடேறும். டிரிம்மர் 3 ஆம்பியர்தான். எதுவானாலும் மீட்டர் பெட்டியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயரில் ஒரு தனி லைன், மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் எலக்ட்ரீஷியனிடம். மெல்லிசான எக்ஸ்டென்ஷன் வயரில் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் திணறும், திணறுகிற மெஷின் மரத்தைக் கருக்கும்.

பெரிய மெஷின் எப்போது வேண்டும்? ரெண்டு காரணத்துக்கு. புதுச் சட்டம் செய்து துளையும் கழுந்தும் (துளைக்குள் செருகுகிற நாக்கு) போடுவது, அப்புறம் அகலமான காடி (நீளப் பள்ளம்), பெரிய மோல்டிங். காலெட்டுக்குள் போகிற பிட்டின் தண்டுதான் காம்பு; கால் இன்ச் காம்புக்கும் அரை இன்ச் காம்புக்கும் தடிமன் ரெண்டு மடங்குதான், ஆனால் வளையாமல் நிற்கிற பலம் பதினாறு மடங்கு. 50 மி.மீ. ஆழத்துக்குத் துளை போடும்போது கால் இன்ச் பிட் துள்ளும், துளையின் சுவர் அலை அலையாக வரும், கடைசியில் காம்பு ஒடியும். ஆகவே புதுக் கதவு நாலைந்து செய்யப்போகிறீர்கள் என்றால் அரை இன்ச் பிளஞ்ச் ரூட்டர் நியாயமான செலவு. மகிட்டா ஆர்பி2300எஃப்சி மாதிரி 9,000 முதல் 22,000 வரை வேகம் மாற்ற முடிகிற ரகம் எடுங்கள். சந்தையில் அதிகம் புழங்கும் 1650, 1850 வாட் மெஷின்களில் பல ஒரே வேகம், 22,000. சின்ன பிட்டுக்கு அது போதும். ஆனால் கதவுப் பலகையின் ஓரத்தைச் சரிவாக்கும் 80 மி.மீ. பிட்டை அந்த வேகத்தில் ஓட்டினால் அதன் ஓரம் மணிக்கு 330 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதை ஒருவரும் செய்யக் கூடாது. அந்த அளவு பிட்டுக்கு 12,000 அல்லது அதற்குக் கீழேதான், அதுவும் டேபிளில் பூட்டின மெஷினில்தான், கையில் பிடித்து ஒருபோதும் இல்லை. 25 மி.மீ.க்கு உட்பட்ட பிட் என்றால் வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், 50 மி.மீ. பக்கம் போனால் 18,000க்குக் கீழே இறக்கிவிடுங்கள்.

ஆனால் ஒரு கேள்வி. நாலு துளைக்காக மெஷினா? உளியும் கொட்டாப்புளியும் பிடித்து வளர்ந்த ஆசாரி, நீங்கள் கைடு கட்டி, ஆழம் வைத்து, சோதனைத் துண்டில் ஓட்டிப் பார்த்து முடிப்பதற்குள் ஒரு துளையைக் குடைந்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். ரூட்டர் போடும் துளையின் முனை வட்டமாக இருக்கும், அதை எப்படியும் உளியால்தான் சதுரமாக்க வேண்டும். எண்ணிக்கை அதிகமானால்தான் மெஷினுக்கு லாபம். அதே கணக்கு மோல்டிங்குக்கும். ஒரே வடிவம் முந்நூறு நானூறு அடி வேண்டுமென்றால் மர மில்லில் மோல்டிங் மெஷின் வைத்திருக்கிறவரிடம் கத்தி தீட்டச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். ரூட்டர் அதற்கும் கைவேலைக்கும் நடுவில் இருக்கிற இடத்துக்கானது.

காம்பு அளவில் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அரை இன்ச் என்றால் 12.7 மி.மீ., 12 மி.மீ. அல்ல. கால் இன்ச் என்றால் 6.35, 6 அல்ல. கடைகளில் ரெண்டும் ஒரே தட்டில் கிடக்கும், கேட்டால் 'எல்லாம் ஒண்ணுதான் சார், இறுக்கினா பிடிச்சுக்கும்' என்பார்கள். பிடிக்காது. பிடித்த மாதிரி இருந்து ஓடும்போது மெல்ல மெல்ல வெளியே இறங்கும். வெட்டுகிற ஆழம் தானாகக் கூடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். மெஷின் பெட்டியில் எந்தக் காலெட் வருகிறது என்று பார்த்து அந்த அளவு பிட் மட்டும் வாங்குங்கள். பிட்டைப் போடும்போது அடிவரை இறக்கிவிட்டு ரெண்டு மி.மீ. வெளியே இழுத்து இறுக்க வேண்டும், அடியில் முட்டிக்கொண்டிருந்தால் காலெட் சரியாகக் கவ்வாது.

பிட் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், எண்ணிக்கையில் பாருங்கள். தேக்கில் சிலிக்கா இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத மணல் மாதிரி, சாதா எஃகு முனையைச் சீக்கிரத்தில் மழுக்கிவிடும். கார்பைடு முனைதான் வேண்டும், கார்பைடிலும் பெட்டிப் பிட்டில் ஒட்டியிருப்பது மெல்லிசாக இருக்கும், ஒருமுறைகூடத் தீட்ட முடியாது. முதலில் வாங்க வேண்டியவை என்றால், டெம்ப்ளேட் ஓரத்துக்குச் சரியாக மரத்தை வெட்டுகிற, கீழே பேரிங் வைத்த ஃப்ளஷ் டிரிம் ஒன்று, மேலே காம்புப் பக்கம் பேரிங் வைத்தது ஒன்று, 6 மற்றும் 12 மி.மீ. நேர் பிட், பேரிங் மாற்றி ஆழம் கூட்டிக் குறைக்க முடிகிற காடி பிட். உருண்டை ஓர பிட், குழிவு பிட் எல்லாம் வீட்டு மோல்டிங்கை அளந்த பிறகு தேவைப்பட்ட அளவில் மட்டும். கதவுச் சட்டம் கோக்கிற ஜோடி பிட் என்று ஒன்று காட்டுவார்கள், ஒன்று வடிவத்தையும் காடியையும் வெட்டும், இன்னொன்று அதற்கு எதிர் வடிவத்தை வெட்டும். அதை வாங்காதீர்கள். அதில் கிடைப்பது அரை இன்ச்சுக்கும் குறைவான ஒரு குட்டிக் கழுந்து. உங்கள் வீட்டுக் கதவில் கழுந்து சட்டத்தின் அந்தப் பக்கம்வரை ஊடுருவிப் போய், மர முளை அடித்து நிற்கிறது. அந்தக் கனத்துக்கு சமையலறைக் கப்போர்டு மூட்டு தாங்காது.

கதவு குடுமியில் (மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் முனை) சுற்றுகிறதா, கீலில் தொங்குகிறதா என்று பார்த்தீர்களா? குடுமிக் கதவு என்றால் கீல் இடம் வெட்டுகிற டெம்ப்ளேட் செலவே இல்லை. தேய்ந்த குடுமியைச் சரிசெய்வது ஆசாரி வேலை, ரூட்டரைக் கிட்டவே கொண்டுபோக வேண்டாம்.

இப்போது ஒட்டுப் போடுவது. டிரிம்மர் தன் விலையைத் திருப்பித் தருவது இதில்தான். டெம்ப்ளேட் கைடு என்பது மெஷினின் அடித்தட்டில் பிட்டைச் சுற்றி நிற்கும் ஒரு பித்தளைக் குழாய். அது பிளைவுட்டில் வெட்டின ஓட்டையின் ஓரத்தை உரசிக்கொண்டு ஓடும், பிட் அந்தப் பாதையில் வெட்டும். இன்லே கிட் என்று கேட்டால் இந்தக் குழாயோடு கழற்றி மாட்டுகிற ஒரு வளையமும் அரைக்கால் இன்ச் பிட்டும் தருவார்கள். வளையத்தின் சுவர்க் கனம் பிட்டின் விட்டத்துக்குச் சரிசமமாக இருக்கும். வளையத்தை மாட்டிக்கொண்டு ஓட்டினால் ஜன்னல் சட்டத்தில் குழி விழும். வளையத்தைக் கழற்றிவிட்டு அதே டெம்ப்ளேட்டில் இன்னொரு மரத்தில் ஓட்டினால் அந்தக் குழிக்குக் கச்சிதமான துண்டு கிடைக்கும். துண்டு வெட்டும்போது மட்டும் குழாய் டெம்ப்ளேட் ஓரத்தை விட்டு ஒரு நூல்கூட விலகக் கூடாது, விலகினால் பிட் துண்டுக்குள் போய்விடும்.

இதில் யாரும் சொல்லாத ஒரு நுணுக்கம் டெம்ப்ளேட்டின் மூலை. மூலையைச் சதுரமாக வெட்டினால் வளையம் அதற்குள் நுழையாது, வளையமில்லாத குழாய் இன்னும் கொஞ்சம் உள்ளே நுழையும், ரெண்டு பாதையும் வேறாகிவிடும். துண்டு நாலு பக்கமும் பொருந்தி மூலையில் மட்டும் முட்டும். மூலை வளைவு வளையத்தின் ஆரத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. துண்டின் வடிவமும் நீள்சதுரமாக வேண்டாம். ரேகைக்குக் குறுக்கே நேராகப் போகிற கோடு பாலிஷ் போட்டாலும் பளிச்சென்று தெரியும். ரெண்டு முனையையும் சாய்வாக விட்டு, நீளமான சாய்சதுரமாகச் செய்தால் கண்ணில் படாது. அரைக்கால் இன்ச் பிட் என்பதால் ஒரு தடவைக்கு ரெண்டு மி.மீ.க்கு மேல் இறக்காதீர்கள், ஓரத்தை மட்டும் அதில் வெட்டிவிட்டு நடுவில் இருக்கிறதை 12 மி.மீ. பிட்டில் காலி செய்யலாம். தேக்கின் எண்ணெய் பசையைத் தள்ளிவிடும், அதனால் ஒட்டுவதற்கு சற்று முன் ரெண்டு முகத்தையும் தின்னர் அல்லது அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். மழை படுகிற இடத்துக்கு எபாக்ஸி. துண்டை அரை மி.மீ. மேலே நிற்க விட்டு, காய்ந்த பிறகு இழைப்புளியால் மட்டம் பண்ணுங்கள், மணல்தாள் வேண்டாம், சுற்றியுள்ள பழைய முகத்தையும் தேய்த்துவிடும்.

இற்றுப்போனது சட்டத்தின் முழுக் கனத்துக்கும் என்றால் இன்லே போதாது, நீளமான சாய்வுக் கூட்டுப் போட்டு முனையையே மாற்ற வேண்டும். அதற்கு ரெண்டு பக்கமும் சரிவாகப் பலகை அடித்து, அதன் மேல் ரூட்டரை ஓட்டினால் சாய்வு சமமாக வரும். சாய்வு நீளம் கனத்தைப் போல ஆறிலிருந்து எட்டு மடங்கு.

மோல்டிங்குக்கு வருவோம். காணாமல்போன இடத்தை ஒட்டி மிச்சமிருக்கிற துண்டின் உடைந்த முனையை மெல்லிய ரம்பத்தால் நேராக அறுங்கள். வெட்டு முகத்தில் வடிவம் அப்படியே தெரியும், அதில் தாளை ஒற்றிப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். ஊசி ஊசியாக இருக்கும் காண்டூர் கேஜும் உதவும், ஆனால் சின்னப் படிகளை அது மழுக்கிக் காட்டும், அதோடு பழைய பெயின்ட் அடுக்குகளையும் சேர்த்து அளக்கும். அந்த வரைபடத்தைக் கடைக்கு எடுத்துப்போய் அதே வடிவத்தில் பிட் தேடினால் கிடைக்காது. அது அந்த வடிவத்துக்கென்றே தீட்டின இழைப்புளியால் செய்தது. அதைப் பிரித்துப் பாருங்கள், ஒரு படி, ஒரு புடைப்பு, ஒரு குழிவு என்று ரெண்டு மூணு எளிய வடிவங்கள் அடுத்தடுத்து இருக்கும். படிக்கு நேர் பிட், புடைப்புக்கு உருண்டை ஓர பிட், குழிவுக்குக் குழிவு பிட் என்று தனித்தனி ஓட்டமாக வெட்டலாம். எந்த ஓட்டத்தை முதலில் செய்வது என்று யோசித்துச் செய்யுங்கள், அடுத்த பிட்டின் பேரிங் உரச வேண்டிய இடத்தை முந்தின பிட் வெட்டித் தின்றுவிடக் கூடாது. மெல்லிய பட்டையில் இதைச் செய்யாமல் அகலமான பலகையின் ஓரத்தில் வடிவத்தை ஏற்றி முடித்து அப்புறம் பட்டையாக அறுத்தெடுங்கள், கையும் தப்பும், பட்டையும் அதிராது. கடைசிக் கால் மி.மீ. பொருத்தத்துக்குப் பழைய ஹேக்ஸா பிளேடை வடிவத்துக்கு அரைத்துச் சுரண்டுங்கள். மெஷின் விட்டுப்போகிற சின்னச் சின்னக் குறுக்கு அலைகளும் அதில் போய்விடும். பக்கத்தில் இருக்கிற பழைய துண்டில் அந்த அலை இருக்காது, சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது புதுத் துண்டு காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வேலைக்குத்தான் டேபிள். நீளப் பட்டையை மெஷின் மேல் ஓட்டுவது மெஷினைப் பட்டை மேல் ஓட்டுவதைவிட நேராக வரும். கடையில் விற்கிற அலுமினிய டேபிள் தேவையில்லை, 18 மி.மீ. பிளைவுட் ரெண்டு அடுக்கு, நடுவில் தட்டு, பின்னால் மரத்தை ஒட்டித் தள்ள ரெண்டாகப் பிரிந்த வேலி, ஆசாரி ஒரு நாளில் செய்துவிடுவார். டிரிம்மரையே தலைகீழாக மாட்டிச் சின்ன மோல்டிங் எல்லாம் எடுக்கலாம். டேபிளில் மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். கையில் ஓட்டும்போது வெளி ஓரத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை, ஓட்டையின் உள் ஓரத்தில் முள்ளின் திசை. திசை மாறினால் பிட் மரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். வளைவு ஜன்னல் இருந்தால் ஒரு முனையில் ஆணி அடித்த பிளைவுட் கையில் ரூட்டரை மாட்டிச் சுற்றி முதலில் 12 மி.மீ. எம்டிஎஃப்பில் டெம்ப்ளேட் செய்யுங்கள், பிறகு அதை மரத்தில் ஒட்டி ஃப்ளஷ் டிரிம். மட்டமான பிளைவுட் டெம்ப்ளேட்டுக்கு ஆகாது, உள்ளே பொந்து இருந்தால் பேரிங் அதில் இறங்கி அந்தப் பள்ளத்தையும் நகல் எடுத்துவிடும்.

பழைய மரத்தில் ஆணி இருக்கும், தலை ஒடிந்து உள்ளே. பிட் அதில் மோதினால் கார்பைடு தெறிக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டு மெஷினை வையுங்கள்.

பெயின்ட் இருக்கிற ஜன்னலில் நேரடியாக ரூட்டரை ஓட்டவே கூடாது. அந்தப் பச்சையும் நீலமும் எண்ணெய் பெயின்ட், அந்தக் காலத்து எண்ணெய் பெயின்ட்டில் ஈயம் இருக்கும். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்கிற விதியே இந்தியாவில் 2016ல் அறிவித்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ரூட்டர் அதைப் பொடியாக்கி வீடெங்கும் தூவும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். முதலில் ரிமூவர் பூசி ஈரத்தோடு சுரண்டி, சுரண்டினதைப் பையில் கட்டி வெளியேற்றுங்கள். நெருப்புக் காட்டி உரிப்பதும் வேண்டாம், ஈயம் புகையாகும். வெறும் தேக்குத் தூளும் சும்மா இல்லை, தோல் அரிக்கும், மூச்சுக்கு ஆகாது, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் சேர்த்து நாளாகிறது. தூசிக் குழாய் மாட்டுகிற வசதி மெஷினில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், எப்படியானாலும் என்95 மாஸ்க், கண்ணாடி, காதுக்கு ஏதாவது. ஆசாரியிடம் கழுத்துத் துண்டைக் கழற்றச் சொல்லுங்கள், முறைப்பார், பரவாயில்லை.

சிஎன்சி பற்றி. நிலைக்கு மேலே இருக்கிற செதுக்குப் பலகையில் ஒரு பறவையின் தலை உடைந்திருக்கிறது என்று அதைக் கொண்டுபோய் ஸ்கேன் பண்ணி முழுப் பலகையையும் புதுசாக வெட்டித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். அந்தப் பலகையில் இடது பக்கப் பறவையும் வலது பக்கப் பறவையும் ஒன்றுபோல இருக்காது, உளி போன பள்ளத்தில் நிழல் விழும். சிஎன்சி ரெண்டையும் அச்சு மாதிரி ஒன்றாக்கி, பள்ளத்தை உருண்டையாக வழித்துவிடும். உடைந்த இடத்தை மட்டும் தட்டையாக்கித் தேக்குத் துண்டு ஒட்டி, ஸ்தபதி வேலை தெரிந்த ஒருவரிடம் செதுக்கக் கொடுங்கள். தட்டையாக்குகிற வரைக்கும் டிரிம்மர் உதவும்.

செகண்ட் ஹேண்ட் டிரிம்மர் வாங்கலாம், பெரிய மெஷினை யோசித்து வாங்குங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு புதுக் காம்பை காலெட்டில் இறுக்கி முனையைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், லொடலொடவென்றால் மோட்டார் பேரிங் போய்விட்டது, விலை கேட்கவே வேண்டாம். காலெட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள், கீறலோ வரி வரியாகத் தேய்மானமோ இருந்தால் புதுக் காலெட் விலையைக் கழித்துப் பேசுங்கள். பிளஞ்ச் பேஸை ஒரு பக்கக் கைப்பிடியை மட்டும் அழுத்தி இறக்குங்கள், சிக்காமல் இறங்க வேண்டும். ஓடவிட்டு பிரஷ் பக்கம் எட்டிப் பாருங்கள், நீலப்பொறி லேசாகத் தெரிவது சகஜம், வட்டமாகச் சுற்றி நெருப்பு வந்தால் மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சருக்குச் செலவு காத்திருக்கிறது. டெம்ப்ளேட் கைடு அந்த பேஸில் உட்காருமா என்பதை மட்டும் மறக்காமல் கையோடு ஒன்றைக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். சில மலிவு மெஷின்களில் அதற்கான திருகு ஓட்டையே இருக்காது, அப்படியிருந்தால் நான் மேலே சொன்ன ஒட்டு வேலை எதுவும் அதில் நடக்காது.